பம்ப் ஹவுஸுக்கு ஒரு வழி

ஆயுத பூஜைக்கு ரூட்டருக்குச் சந்தனம் வைப்பதா வேண்டாமா என்று நிலக்கரிச் சுரங்க ஆபீஸின் கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு பெரிய விவாதமே நடந்தது. சுரங்கத்தில் மலை மலையாய் நிற்கும் மண் வெட்டும் எந்திரங்களுக்கு வாழைமரம் கட்டுகிறார்கள், ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனருக்குக்கூடக் குங்குமம் வைக்கிறார்கள், நாம் மட்டும் என்ன இளப்பமா என்று அட்டெண்டர் வெள்ளைச்சாமி கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. ஓடுகிற எந்திரத்துக்குப் பூஜை போடக் கூடாது, அன்றைக்கு அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. கரன்ட் ஓடுகிற பெட்டியில் ஈரச் சந்தனத்தோடு கை வைக்கக் கூடாது என்பது நெட்வொர்க்கைக் கவனிக்கும் வெங்கடேஷின் கட்சி. இரண்டு கட்சியும் ஒரே இடத்தில் வந்து நின்றன. அணைத்துவிடலாம்.

சுரங்கத்துக்கும் மின் நிலையத்துக்கும் தனி நெட்வொர்க். இந்தப் பெட்டி வருகைப்பதிவு, மெயில் மாதிரியான ஆபீஸ் காரியங்களுக்கு மட்டும்தான். கொஞ்ச நேரம் அணைத்தால் யார் குடியும் முழுகிவிடாது என்று சொல்லி வெங்கடேஷே சுவிட்சை அணைத்தான். சந்தனம் வைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள், பொரி கடலையும் சுண்டலும் தின்றார்கள். பிறகு சுவிட்சைப் போட்டதும் பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன. வெள்ளைச்சாமி கையெடுத்துக் கும்பிட்டார்.

ஒரு குடி முழுகத்தான் செய்தது. அது தெரியத்தான் நாளாயிற்று.

ரூட்டர் என்கிற பெட்டிக்குச் சொந்தமாக வழி தெரியாது. எந்த விலாசத்துக்கு எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்று யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். சில இடங்களில் பெட்டிகளே ஒன்றையொன்று கேட்டுத் தெரிந்துகொள்ளும். இங்கே அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு வழியையும் ஆள் உட்கார்ந்து கையால் தட்டி வைக்க வேண்டும். ஸ்டாட்டிக் ரூட் என்பார்கள். தட்டியதுமே அது வேலை செய்ய ஆரம்பித்துவிடும். ஆனால் நிரந்தரமாக எழுதி வைத்துக்கொள் என்று இன்னொரு கட்டளையும் கொடுத்தால்தான் பெட்டியை அணைத்துப் போட்டாலும் அந்த வழி நிற்கும். இல்லாவிட்டால் கரன்ட் இருக்கிற வரைக்கும்தான் அதன் ஆயுள். வெங்கடேஷ் தட்டிய வழிகளில் ஒன்றே ஒன்று மட்டும் அப்படி எழுதப்படாமல் இருந்தது. மறதியால் அல்ல, வேண்டுமென்றேதான் எழுதவில்லை.

அது சாமியம்மாளுக்காகத் தட்டிய வழி.

சாமியம்மாள் கம்மாபுரம் பக்கத்துக்காரி. அவள் ஊர் வயல்கள் சுரங்கத்துக்குப் போனபோது நிலம் வைத்திருந்தவர்களுக்கு நஷ்டஈடு வந்தது. அதே நிலத்தில் நாற்று நட்டுக் களை பறித்தவர்களுக்கு இருந்த வேலையும் போனது. பிறகு மறியல், பேச்சுவார்த்தை என்று இழுத்தடித்து அவர்களில் சிலருக்குக் கான்ட்ராக்ட் வேலை கிடைத்தது. சாமியம்மாளுக்குச் சுரங்கத்தின் ஓரத்தில், நிலத்தடித் தண்ணீரை இறைத்து வெளியே தள்ளும் பம்ப் ஹவுஸ் ஒன்றைக் கூட்டிப் பெருக்கி, சுற்றிலும் புதர் மண்டாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. கான்ட்ராக்ட் ஆட்களைச் சேர்ந்த தேதிப்படி வரிசை கட்டி, முன்னால் நிற்பவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொழிலாளர் கூட்டுறவுச் சொசைட்டிக்குள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சொசைட்டிக்குள் போய்விட்டால் கான்ட்ராக்டர் மாறினாலும் வேலை போகாது. அடுத்து எடுக்கும்போது சாமியம்மாள் உள்ளே வந்துவிடுவாள் என்று எல்லாரும் சொன்னார்கள். அவளும் அதை நம்பித்தான் மகள் மணிமொழியை நர்சிங் படிக்க அனுப்பியிருந்தாள்.

2015இல் விரல் ரேகை மெஷின் வந்தது. அதை மெயின் கேட்டில் மாட்டினார்கள். கேட் ஒரு மூலை, பம்ப் ஹவுஸ் ஒரு மூலை. சாமியம்மாள் இறங்கும் பஸ் நிறுத்தம் பம்ப் ஹவுஸுக்கு எதிரிலேயே இருந்தது. இருந்தும் என்ன, பம்ப் ஹவுஸைத் தாண்டிக் கேட் வரைக்கும் வெயிலில் நடந்து, விரலை வைத்துவிட்டு, அதே வழியில் திரும்பி வர வேண்டும். சாயங்காலமும் அதே நடை. மனுக் கொடுத்தாள். மனுவை வாங்கிக்கொண்டார்கள்.

பம்ப் ஹவுஸ் கூரையில், கம்பியில்லாமல் ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கும் பழைய ரேடியோ ஆன்டெனா ஒன்று இருந்தது. முன்பு அங்கே ஒரு கேமரா வைத்திருந்தார்கள். கேமரா போய்விட்டது, ரேடியோ மட்டும் உயிரோடு இருந்தது. அதைப் பார்க்கப் போன வெங்கடேஷ், மூச்சு வாங்க நடந்து வந்தவளைப் பார்த்து விஷயத்தைக் கேட்டான். வெங்கடேஷ் சங்கரன்கோவில் பையன். பரீட்சை எழுதி வேலைக்கு வந்து இன்னும் ப்ரொபேஷன் முடியவில்லை. இளகின மனசு. நாலு பேர் நல்லவன் என்று சொல்ல வேண்டும் என்கிற ஆசையும் அந்த மனசுக்குள்ளேயே இருந்தது.

"ஸ்டோர்ல ஒரு மெஷின் சும்மாத்தாம்மா கெடக்கு. இங்கனயே மாட்டிருதேன். நீங்க கேட்டுக்கு நடக்க வேண்டாம்."

"நெசமாத்தான் சொல்றீங்களா சார்? நானும் மனு குடுத்துகினே கெடக்கறேன், ஒருத்தரும் காதுல போட்டுக்கலியே."

அவன் மாட்டிவிட்டான். அனுமதிக்கு ஃபைலும் போட்டான். ஃபைல் மேஜை மேஜையாக நகர்ந்தது. நம் ஆபீஸ்களில் ஃபைல் நகர்வது என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. அதுவரைக்கும் அந்தம்மாள் நடப்பானேன் என்று பம்ப் ஹவுஸுக்குப் போகும் வழியை மட்டும் ரூட்டரில் தட்டிவிட்டான். நிரந்தரமாக எழுதினால் மறுநாள் காலையில் புதிதாக என்ன மாறியிருக்கிறது என்கிற ரிப்போர்ட்டில் அது வந்து நிற்கும், டெபுடி மேனேஜர் கிருஷ்ணப்ரியா மேடம் யாரைக் கேட்டுச் செய்தாய் என்று கேட்பார். அதனால் எழுதவில்லை. அனுமதி வந்ததும் எழுதிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான். சாமியம்மாள் பார்க்கும்போதெல்லாம் "நீங்க நல்லா இருக்கணும் சார்" என்றாள். அவனுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. பம்ப் ஹவுஸில் கான்ட்ராக்ட் ஆள் வேறு யாரும் இல்லாததால் அந்த மெஷினில் விரல் வைப்பவள் அவள் ஒருத்திதான்.

பூஜை முடிந்து பெட்டி எழுந்தபோது அந்த வழி அதற்குத் தெரியவில்லை. அது பெட்டியின் தப்பில்லை. மறுநாளிலிருந்து சாமியம்மாள் விரலை வைப்பாள், மெஷின் ரேகையை ஒப்பிட்டுப் பார்த்து "தேங்க்யூ" என்று சொல்லும், பதிவைத் தன் வயிற்றில் போட்டுக்கொண்டு சர்வருக்கு அனுப்பப் பார்க்கும். சர்வர் அனுப்புகிற பதில் ரூட்டர் வரைக்கும் வந்து, பம்ப் ஹவுஸ் எந்தப் பக்கம் என்று தெரியாமல், விலாசம் தெரியாததையெல்லாம் தள்ளிவிடும் வெளிவாசல் வழியாகப் போய்த் தொலைந்துவிடும். பதில் வராத மெஷின் பொறுமையாக மறுபடி மறுபடி அனுப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தது. சர்வரில் சாமியம்மாள் பேருக்கு நேரே தினமும் ஆப்சென்ட் விழுந்தது.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷத்து மழையைக் கடலூர் ஜில்லாவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தீபாவளிக்கு முந்தின நாள் கொட்டின கொட்டில் ரோடு எது ஏரி எது என்று தெரியவில்லை. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்தவர்களே பாதிப் பேர் லீவு போட்டார்கள். சாமியம்மாள் முழங்கால் தண்ணீரில் மெயின் ரோடு வரைக்கும் நடந்து, கிடைத்த வண்டியில் ஏறி வந்தாள். பம்ப் ஹவுஸ் வாசலில் வெள்ளம் வாரிக்கொண்டு வந்த சேற்றையெல்லாம் தள்ளினாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்து விரலை வைத்தாள். தேங்க்யூ என்றது.

கார்த்திகையில் ஒரு நாள் முற்பகல் அவள் கம்ப்யூட்டர் சென்டர் வாசலில் வந்து நின்றாள். வலது ஆள்காட்டி விரலில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. அடிபட்டுவிட்டதோ என்று வெங்கடேஷ் எழுந்து போனான்.

"என்னம்மா, கையில என்ன?"

"கேட் பாஸ புடிச்சி வச்சிகினாங்க சார். தொடர்ந்தாப்ல ஆப்சென்ட்டாம், சிஸ்டமே பேர அடச்சிடுச்சாம். நான் தெனமும் வந்துகினுதான சார் இருந்தேன்? மழையில கூட ஒரு நாள் நிக்கலியே. மெஷினு தேங்க்யூ தேங்க்யூன்னுதான் சொல்லிச்சி."

"கான்ட்ராக்ட் செல்லுல என்ன சொல்றாங்க?"

"ரேகை தேஞ்சி போச்சின்னு சொல்றாரு தனகோட்டி சாரு. தேஞ்சிட்டா சிஸ்டத்துக்கு ஆளு தெரியாதாம். அதான் தேங்கா எண்ணெ தடவி துணி சுத்தி வச்சிகினு இருக்கேன். ரேகை திரும்ப மொளைக்குமா சார்?"

கான்ட்ராக்ட் ஆட்களின் கணக்கைப் பார்க்கும் பிரிவான கான்ட்ராக்ட் செல்லின் கிளார்க் தனகோட்டி பொய் சொல்லவில்லை. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியை அள்ளுகிறவர்களில் பல பேருக்கு ரேகை தேய்ந்துதான் போயிருந்தது. தினமும் யாராவது ஒருவர் அந்தப் புகாரோடு அவர் முன்னால் விரலை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அதனால் இதையும் அவர் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்.

ஆனால் வெங்கடேஷுக்குத் தெரியும். ரேகை தேய்ந்திருந்தால் மெஷின் தேங்க்யூ சொல்லாது, மறுபடி வை என்று சொல்லும். தேங்க்யூ சொன்னால் விரல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இதை அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். உங்கள் விரலுக்கு ஒன்றுமில்லையம்மா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? சொன்னால் அடுத்த கேள்வி, பின்னே எதில் கோளாறு என்று வரும். அந்தக் கேள்வி வருமுன்பே அவன் பேச்சை முடித்துக்கொண்டான்.

"நான் பாக்குதேம்மா. நீங்க போங்க" என்றான்.

அவள் போனதும் ரூட்டருக்குள் நுழைந்து வழிகளையெல்லாம் வரிசையாகக் காட்டச் சொன்னான். எல்லா வழியும் இருந்தது, அந்த ஒன்று இல்லை. பெட்டியின் நெற்றியில் காய்ந்து வெடித்த சந்தனம் அப்படியே இருந்தது. தான் சுவிட்சை அணைத்ததும், வாயில் சுண்டலோடு திரும்பப் போட்டதும் ஞாபகத்துக்கு வந்தது.

அந்த நேரத்தில் எழுந்து கிருஷ்ணப்ரியா மேடத்தின் அறைக்குப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. பெரிய மனுஷன் அப்படிச் செய்யவில்லை. அவன் மூளை வேறு மாதிரி வேலை செய்தது. மெஷினின் வயிற்றில் எல்லாப் பதிவும் பத்திரமாக இருக்கிறது. வழியைத் திரும்பத் தட்டினால் அத்தனையும் தானாகவே வந்து சேரும். ஆப்சென்ட் எல்லாம் பிரசென்ட் ஆகிவிடும். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, அந்தம்மாளுக்கும் நல்லது, நமக்கும் நல்லது. இப்படி யோசித்தபோது தான் அவளுக்காகத்தான் அவசரப்படுகிறோம் என்று அவன் மனசார நம்பினான்.

வழியைத் தட்டினான். பம்ப் ஹவுஸ் உடனே பதில் கொடுத்தது. தேங்கிக் கிடந்த பதிவுகள் மளமளவென்று வர ஆரம்பித்தன. ஓடிப்போய் சர்வரில் சாமியம்மாளின் பக்கத்தைத் திறந்தான். ஒரு நாள்கூட மாறவில்லை.

அவளுடைய எண் தடுக்கப்பட்டிருந்தது அல்லவா? தடுக்கப்பட்ட எண்ணின் பதிவை சர்வர் வைத்துக்கொள்ளாது. வாங்கும், பெற்றுக்கொண்டேன் என்று மெஷினுக்குச் சொல்லும், பிறகு தூர எறிந்துவிடும். பெற்றுக்கொண்டேன் என்ற பதிலைக் கேட்டதும் மெஷின் தன்னிடம் இருப்பதை அழித்துவிடும். வெங்கடேஷ் பைக்கை எடுத்துக்கொண்டு பம்ப் ஹவுஸுக்குப் பறந்தான். மெஷினின் சின்னத் திரையில் அனுப்ப வேண்டிய பதிவு எதுவும் இல்லை என்று வந்தது. மழையில் நனைந்துகொண்டு அவள் வந்த நாட்களுக்கு இனி எந்தப் பெட்டியிலும் சாட்சி இல்லை.

முதலில் உண்மையைச் சொல்லி, தடையை எடுக்கவைத்து, அதற்குப் பிறகு வழியைத் திறந்திருந்தால் அத்தனை பதிவும் உயிரோடு வந்து சேர்ந்திருக்கும். அதை யோசித்து யோசித்து அவன் மண்டை காய்ந்தது. வழியை எழுதி வைக்காதது அசட்டுத்தனம். பூஜையில் அணைத்தது அறியாமை. இதற்கு என்ன பேர் வைப்பது? பயம் என்றுதான் வைக்க வேண்டும். கோழைத்தனம் என்று சொன்னாலும் தப்பில்லை. அவனே அப்படித்தான் தன்னைத் திட்டிக்கொண்டான். திட்டிக்கொண்டானே தவிர எழுந்து போய்ச் சொல்லவில்லை.

பம்ப் ஆபரேட்டர் நல்லசாமி பெர்மனென்ட் ஆள், யாருக்கும் பயப்படாதவர். அவர் கான்ட்ராக்ட் செல்லுக்குப் போய், அந்தம்மா தினமும் வந்தது என் கண்ணால் பார்த்தது என்று சொன்னார். தனகோட்டி அவருக்கு நாற்காலி போட்டு, "நீங்க சொல்றத ஏத்துறதுக்கு சிஸ்டத்துல எடம் இல்லீங்களே" என்றார். நல்லசாமி அங்கிருந்து நேரே வெங்கடேஷிடம் வந்தார்.

"தம்பி, அது நீ மாட்டுன மெஷின்தான? அதுல ஒண்ணும் கோளாறு இல்லியே?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு சார்" என்றான் வெங்கடேஷ்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அன்று மத்தியானம் அவன் கேன்டீன் பக்கம் போகவில்லை.

சாமியம்மாள் அடிக்கடி வந்தாள். வேலையில்லாதவள் என்ன செய்வாள்? வாசலில் நின்று, துணியைப் பிரித்து, எண்ணெய் மினுமினுக்கும் விரலை அவன் முகத்துக்கு நேரே நீட்டுவாள்.

"கொஞ்சம் தெளிஞ்ச மாரி இல்ல சார்? நேத்திக்கி வெளிச்சத்துல பாத்தேன். கோடு கோடா தெரியுது."

அந்த விரலில் ரேகைகள் புதிதாக உழுத கொல்லை மாதிரி அத்தனை தெளிவாக இருந்தன. முதல் நாளும் அப்படித்தான் இருந்தன.

"ஆமாம்மா. தெளிஞ்சிருக்கு" என்றான்.

இதைவிட ஈனமான ஒரு வார்த்தையை அவன் தன் வாழ்நாளில் பேசியதில்லை. சாமியம்மாள் முகம் மலர்ந்து போனாள். அதற்குப் பிறகு அவளை மெயின் பஜாரில் தூரத்தில் கண்டால்கூட வேறு சந்தில் திரும்பிவிடுவான். ஊருக்குப் போன் போட்டால் அம்மா, ஏன்டா குரல் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டாள். சளி என்று சொன்னான்.

கிருஷ்ணப்ரியா மேடத்துக்குச் சொந்த ஊர் பொள்ளாச்சி. கறார் பேர்வழி என்று பேர், ஆனால் இரக்கமில்லாதவர் இல்லை. சாமியம்மாள் விஷயம் அவர் காதுக்கும் போயிற்று. அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய ரேகை படிக்கவில்லை என்றால் புது ஆளாகப் பதிந்துகொள்ளலாம். புது எண், புது கேட் பாஸ், மறுநாளே வேலைக்கு வரலாம்.

"பாவங்க அந்தம்மா, எத்தனை நாளா நடக்குது. நீங்க ரேகை பதியற மெஷினை எடுத்துட்டு கான்ட்ராக்ட் செல்லுக்கு வந்துருங்க வெங்கடேஷ். நானும் வர்றேன், கையோட முடிச்சுரலாம்."

எல்லாருக்கும் சந்தோஷம். தனகோட்டிக்குத் தொல்லை விட்டது. சாமியம்மாளுக்கு வேலை கிடைத்தது. வெங்கடேஷின் ரூட்டைப் பற்றி இனி யாரும் பேசப்போவதில்லை. அவனுக்குத் தெரிந்த, சாமியம்மாளுக்குத் தெரியாத ஒரே ஒரு சங்கதிதான் மிச்சம். புது ஆளாகப் பதிந்தால் சேர்ந்த தேதியும் புதிதாகிவிடும். இத்தனை வருஷத்து வேலை எதிலும் இருக்காது. சொசைட்டி வரிசையில் முன்னால் நின்றவள், நேற்றுச் சேர்ந்தவர்களுக்கும் பின்னால் கடைசியில் போய் நிற்பாள். அவள் முறை வருவதற்குள் அவளுக்கு வயசாகிவிடும்.

மறுநாள் காலை பத்து மணி வாக்கில் கான்ட்ராக்ட் செல்லில் நாலு பேரும் இருந்தார்கள். சாமியம்மாள் தீபாவளிக்குக் கட்டாமல் வைத்திருந்த புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். தலையில் கனகாம்பரம். ஜன்னலோரம் நின்று துணியைப் பிரித்து, விரலை முந்தானையில் திரும்பத் திரும்பத் துடைத்தாள். வெங்கடேஷ் மெஷினை இணைத்து, அவள் பேரைத் தட்டினான். ஊரைத் தட்டினான். சேர்ந்த தேதி என்கிற கட்டத்தில் அன்றைய தேதி தானாகவே வந்து உட்கார்ந்தது.

"வையும்மா. பயப்படாம அழுத்தி வை. இந்தத் தடவ எடுத்துக்கும்" என்றார் தனகோட்டி.

சாமியம்மாள் கண்ணை மூடி ஏதோ வேண்டிக்கொண்டு விரலைக் கொண்டுவந்தாள். கண்ணாடிக்கும் விரலுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளிதான் இருந்தது.

"வைக்காதீங்கம்மா!"

கத்திவிட்டான். சாமியம்மாள் சுட்டுக்கொண்டவள் மாதிரி கையை இழுத்துக்கொண்டாள்.

"என்னாச்சுங்க?" என்றார் கிருஷ்ணப்ரியா.

"அவங்க விரல்ல ஒண்ணும் இல்ல மேடம். பம்ப் ஹவுஸுக்கு ஒரு ரூட் போட்டிருந்தேன். அப்ரூவல் வரலைன்னு சேவ் பண்ணல. ஆயுத பூஜை அன்னைக்கு ரூட்டரை அணைச்சப்பம் அது போயிருச்சு. அவங்க தெனமும் வந்திருக்காங்க மேடம், பதிவுதான் வந்து சேரல."

"சரி, மெஷின்ல இருக்குமில்லீங்க? அதை எடுத்துரலாமே."

"இருந்துச்சு மேடம். நான் யாருகிட்டயும் சொல்லாம ரூட்டைத் திரும்பப் போட்டுட்டேன். நம்பர் பிளாக் ஆயிருந்ததால சர்வர் எதையும் வச்சுக்கல. மெஷின்லயும் அழிஞ்சு போச்சு."

கிருஷ்ணப்ரியா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கோபத்தில் அவர் குரல் உயரவில்லை, தாழ்ந்தது.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

இந்தக் கேள்விக்குத்தான் அவன் இத்தனை நாளும் ஒளிந்து திரிந்தான்.

"அவங்க மொத மொதல்ல வந்து நின்ன அன்னைக்கே தெரியும் மேடம்."

தனகோட்டி தன் முன்னால் இருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். அடுக்கியதையே மறுபடி அடுக்கினார். சாமியம்மாள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். ரூட், சர்வர், பிளாக் எதுவும் அவளுக்குப் புரிந்திருக்காது. கடைசியாகச் சொன்னது புரிந்திருந்தது.

"எழுதிக் குடுத்தீங்கன்னா இது என்கூட நிக்காதுங்க" என்றார் கிருஷ்ணப்ரியா. "மேல போயிரும். நீங்க இன்னும் ப்ரொபேஷன்ல இருக்கறீங்க. தெரிஞ்சுதான் பேசறீங்களா?"

"எழுதித் தாரேன் மேடம்."

"உங்களுக்காகச் சொல்லலீங்க. நெட்வொர்க் ஆளே எங்க தப்புன்னு எழுதினாத்தான் பழைய நம்பரைத் திறக்கச் சொல்லி நான் கேக்க முடியும். அதனால ஒண்ணு விடாம எழுதுங்க. ஒளிச்சு வெச்சதையும் சேர்த்து."

எழுதினான். வழியை எழுதி வைக்காதது, சுவிட்சை அணைத்தது, தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டு இருந்தது, பதிவுகளை அழியவிட்டது என்று எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டான். கிருஷ்ணப்ரியா அதற்குக் கீழே தன் சிபாரிசை எழுதி, கையோடு மேலே கொண்டுபோனார். சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே தனகோட்டிக்குப் போன் வந்தது. பழைய எண்ணைத் திறந்துவிட்டார்கள். சேர்ந்த தேதி பழையபடி நின்றது. நல்லசாமியை வரச் சொல்லி வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, விட்டுப்போன நாட்களையும் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். வெங்கடேஷுக்கு மெமோ மறுநாள் வரும் என்றும் அதே போனில் சொன்னார்கள்.

சாமியம்மாள் வராந்தாவில் தூணோரம் நின்றிருந்தாள். கேட் பாஸ் அவள் கையில் இருந்தது. வெங்கடேஷ் கிட்டே போனான். அவள் வாய்க்கு வந்தபடி திட்டினால் தேவலை என்று இருந்தது. ஊரைக் கூட்டிக் கத்தினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போனான்.

"மன்னிச்சிருங்கம்மா" என்றான்.

அவள் அவனைப் பார்க்காமல் தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இது நல்லாத்தான் இருந்திச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சும்மா."

"தெளிஞ்சிருக்குன்னு சொன்னீங்களே சார்."

அவள் கோபப்படவில்லை. சாதாரணமாகத்தான் பேசினாள். அதுதான் அவனால் தாங்க முடியவில்லை.

"சூடு பட்டா, காரம் பட்டா ரேகை போயிடும்னு சொன்னாங்க. அன்னிலேருந்து இன்னிக்கி காத்தால வரைக்கும் பீச்சாங்கையாலதான் சார் சோறு துன்னுகினு இருக்கறேன். எம் பொண்ணு லீவுக்கு வந்திச்சி. நான் துன்ன ஒக்காந்தா பாக்க முடியாம எழுந்து வெளிய போயிடும். வூட்டுல ஒரு நாளு கூட ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்து சாப்புடல." கேட் பாஸை இடுப்பில் செருகிக்கொண்டாள். "வேலை போனா போவுது சார். ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் பாட்டுக்குச் சோத்துக் கையால துன்னுருப்பேனே."